முந்திரிப் பருப்பும் மசோதாவும்

கேள்வி: நிலைக்குழு, தேர்வுக்குழு, கூட்டுக்குழு என்று நாடாளுமன்றத்தில் எதற்கெடுத்தாலும் ஒரு குழு. மூடிய அறையில் டீயும் முந்திரிப் பருப்பும், நடுவே ஓர் ஆய்வுச் சுற்றுலா. கடைசியில் அவர்கள் தரும் அறிக்கையை அரசு ஏற்க வேண்டிய கட்டாயமும் இல்லை. எதற்கு இந்தத் தண்டச் செலவு? எல்லாக் குழுக்களையும் கலைத்துவிட்டு, எதுவானாலும் சபையிலேயே பேசித் தீர்த்தால் என்ன?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், தாராபுரம்)

பதில்: சபையிலேயே பேசியா? 2023 மார்ச் 23 அன்று சபையில் நடந்ததைச் சொல்கிறேன். சுமார் 45 லட்சம் கோடி ரூபாய் ஒன்றிய பட்ஜெட். பாதுகாப்பு, ரயில்வே, கல்வி, வேளாண்மை என எல்லா அமைச்சகங்களின் மானியக் கோரிக்கைகளையும் (எங்கள் செலவுக்கு இவ்வளவு பணம் வேண்டும் என்று சபையிடம் கேட்பவை) மக்களவை அன்று ஒரு வரி விவாதம் இல்லாமல் மொத்தமாக நிறைவேற்றியது. ராகுல் காந்தி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒரு பக்கம் கூச்சல், அதானி விவகாரத்துக்குக் கூட்டுக்குழு வேண்டும் என்று மறுபக்கம் கூச்சல். நடுவில் குரல் வாக்கெடுப்பு. முடிந்தது.

அந்த 45 லட்சம் கோடியை யாருமே பார்க்கவில்லையா என்றால், பார்த்தார்கள். நீங்கள் கலைக்கச் சொல்கிறீர்களே, அந்த நிலைக்குழுக்கள்தான் பார்த்தன. பட்ஜெட் கூட்டத்தொடருக்கு இடையில் சில வாரங்கள் சபைக்கு விடுமுறை விடுவார்கள். அந்த இடைவெளியில் ஒவ்வொரு துறையின் செயலாளரும் அதிகாரிகளோடு குழுவின் முன் வந்து உட்கார வேண்டும். போன வருடம் கொடுத்த பணத்தை ஏன் செலவழிக்கவில்லை, இந்த வருடம் ஏன் கூடுதலாகக் கேட்கிறீர்கள், இந்தத் திட்டம் எந்த மாவட்டத்தில் எந்த நிலையில் இருக்கிறது என்றெல்லாம் கேட்பார்கள். பதில் திருப்தியாக இல்லாவிட்டால் அது அறிக்கையில் ஏறும். தொலைக்காட்சியில் வராததால் நம் கண்ணில் படுவதில்லை. முந்திரிப் பருப்பை நான் மறுக்கவில்லை. எந்த அரசாங்கக் கூட்டத்தில்தான் அது இல்லை?

இந்த ஏற்பாடு ஒன்றும் மிகப் பழையதல்ல. அரசு செலவழித்து முடித்த பிறகு கணக்குப் பார்க்கும் பொதுக் கணக்குக் குழு மட்டும் 1921-லிருந்து இருக்கிறது. துறைவாரியாக நிலைக்குழு என்ற யோசனை 1989-ல் மூன்று குழுக்களோடு தொடங்கி, 1993-ல் 17 ஆகி, 2004-லிருந்து 24 ஆக நிற்கிறது. ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். அமைச்சர்களுக்கு இடமில்லை. கட்சிகளின் பலத்துக்கேற்ப இடம் பிரிப்பதால் எதிர்க்கட்சிக்காரர்களும் சில குழுக்களுக்குத் தலைவராக வருவார்கள். கனிமொழியும் திருச்சி சிவாவும் அப்படி வந்தவர்கள்தான்.

இந்த அறைக்குள் கொறடா கிடையாது. சபையில் கட்சி சொன்னதற்கு மாறாக வாக்களித்தால் கட்சித்தாவல் தடைச் சட்டத்தில் பதவியே போகலாம். குழுவில் அந்தப் பயம் இல்லை. கேமராவும் இல்லாததால், தொகுதிக்காரர்கள் பார்க்கட்டும் என்று மேசையைத் தட்ட வேண்டியதும் இல்லை. அதனால் உள்ளே போனதும் பலர் வேறு மனிதர்களாகிவிடுகிறார்கள்.

2017 ஜனவரி. பணமதிப்பிழப்பு நடந்து இரண்டு மாதம் கடந்திருந்த நேரம். ரிசர்வ் வங்கி ஆளுநர் உர்ஜித் படேல், வீரப்ப மொய்லி தலைமையிலான நிதித்துறை நிலைக்குழு முன் ஆஜரானார். பணம் எடுக்கும் கட்டுப்பாடுகள் எப்போது நீங்கும் என்று உறுப்பினர்கள் குடைந்தார்கள். அந்தக் குழுவில் மன்மோகன் சிங்கும் உறுப்பினர். இரண்டு மாதம் முன்புதான் மாநிலங்களவையில் எழுந்து, பணமதிப்பிழப்பைத் திட்டமிட்ட கொள்ளை என்று கண்டித்தவர். அவரே குறுக்கிட்டு, சங்கடமான அந்தக் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று படேலிடம் சொன்னதாக அப்போது செய்திகள் வந்தன. ஆளுநர் வாய் தவறி ஏதாவது சொல்லிவிட்டால் வங்கிகளின் கதி என்ன என்று யோசித்தவர் ஒரு முன்னாள் ரிசர்வ் வங்கி ஆளுநர். சபையில், கேமராவுக்கு முன்னால், அவர் கட்சி அவரை அப்படிப் பேச விட்டிருக்குமா?

சரி, பேசி என்ன கிழித்தார்கள் என்று கேட்பீர்கள். 2010-ல் அணு விபத்து இழப்பீட்டு மசோதா வந்தது. அணு உலையை நடத்தும் நிறுவனம் தர வேண்டிய இழப்பீட்டுக்கு 500 கோடி ரூபாய் உச்சவரம்பு வைத்து எழுதியிருந்தார்கள். போபால் விஷவாயு வழக்கின் தீர்ப்பைப் பார்த்து நாடே கொதித்துக்கொண்டிருந்த நேரம் அது. நிலைக்குழு அதை 1,500 கோடி ஆக்கச் சொன்னது; சட்டமும் 1,500 கோடியோடுதான் வந்தது. கூடங்குளத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவருக்கு அந்த ஆயிரம் கோடி வித்தியாசம் புரியும். இன்னொன்று, ஒரு நடிகர் பொய் விளம்பரத்தில் நடித்தால் இன்று அவருக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம், ஓராண்டு வரை விளம்பரத்தில் தோன்றத் தடையும் விதிக்கலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இது வந்ததற்கு, அதற்கு முன் 2015-ல் வந்த மசோதாவைப் பரிசீலித்த நிலைக்குழுவின் பரிந்துரை ஒரு முக்கியக் காரணம். குழு சிறைத் தண்டனைவரை கேட்டது. அரசு அபராதத்தோடு நிறுத்திக்கொண்டது.

அறிக்கையை அரசு ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இருக்கிறது. மூன்று மாதத்துக்குள் ஒவ்வொரு பரிந்துரையையும் ஏற்றோமா இல்லையா, ஏன் என்று எழுதித் தர வேண்டும். அந்தப் பதில் சரியில்லை என்று குழு மறுபடியும் ஓர் அறிக்கை போடலாம். கெட்டிக்கார அரசுகள் இந்தத் தலைவலிக்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கின்றன. மசோதாவைக் குழுவுக்கே அனுப்பாமல் இருந்துவிடுவது.

ஆதாரை எடுத்துக்கொள்ளுங்கள். 2010-ல் காங்கிரஸ் அரசு கொண்டுவந்த மசோதா நிதித்துறை நிலைக்குழுவுக்குப் போனது. தலைவர் பா.ஜ.க.வின் யஷ்வந்த் சின்ஹா. தகவல் பாதுகாப்புக்குத் தனிச் சட்டம் இல்லாத நாட்டில் இதை இப்படியே கொண்டுவர முடியாது என்று 2011 டிசம்பரில் குழு திருப்பி அனுப்பியது. அப்புறம் ஆட்சி மாறியது. 2016-ல் பா.ஜ.க. அரசே ஆதார் மசோதாவுக்கு, மாநிலங்களவையால் தடுக்க முடியாத பண மசோதா என்று பெயர் சூட்டி, எந்தக் குழுவுக்கும் அனுப்பாமல், மாநிலங்களவையின் திருத்தங்களையும் ஒதுக்கிவிட்டு நிறைவேற்றியது. சொந்தக் கட்சிக்காரர் தலைமையில் வந்த அறிக்கை அலமாரியில் கிடந்தது. குழு எச்சரித்த அந்தரங்கப் பிரச்சினையோ உச்ச நீதிமன்றத்துக்குப் போய், தனியார் நிறுவனங்கள் ஆதார் கேட்பதற்கு இடம் தந்த பிரிவு 2018-ல் அடிபட்டது.

வேளாண் சட்டங்களின் கதை இதைவிட மோசம். 2020 செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில், இவற்றை ஆராயத் தனியாக ஒரு தேர்வுக்குழு அமைத்து அதற்கு அனுப்புங்கள் என்று தீர்மானம் கொடுத்தவர்களில் நம் திருச்சி சிவாவும் ஒருவர். எண்ணி வாக்கெடுங்கள் என்றார்கள். அமளிக்கு நடுவே குரல் வாக்கெடுப்பில் மசோதாக்கள் நிறைவேறின. விவசாயிகள் டெல்லி எல்லையில் ஓராண்டுக்கு மேல் உட்கார்ந்தார்கள். 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சட்டங்களை நிறுத்திவைத்து, விவசாயிகளின் கருத்தைக் கேட்க நான்கு பேர் கொண்ட ஒரு குழுவை அமைத்தது. நாடாளுமன்றம் அமைக்க மறுத்த குழுவை நீதிமன்றம் அமைக்க நேர்ந்தது. அந்த நவம்பரில் மூன்று சட்டங்களையும் விவாதமே இல்லாமல் ரத்து செய்தார்கள். பஞ்சாப், ஹரியாணா எம்.பி.க்கள் உட்கார்ந்த ஓர் அறையில் மூன்று மாதம் இந்த மசோதாக்கள் இருந்திருந்தால், மண்டியை, அதாவது அரசின் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தை, தொட்டால் என்ன நடக்கும் என்பதை அரசுக்கு முன்கூட்டியே சொல்லியிருப்பார்கள்.

பி.ஆர்.எஸ். என்ற ஆய்வு அமைப்பின் கணக்கைப் பாருங்கள். 2004-09 மக்களவைக் காலத்தில் நூற்றுக்கு 60 மசோதாக்கள் குழுக்களுக்குப் போயின. அடுத்த ஐந்தாண்டில் 71. 2014-க்குப் பிறகு சுமார் கால்வாசி. 2019-24-ல் 16. நீங்கள் கேட்கிறபடி குழுக்களைக் கலைக்கும் வேலை ஏற்கெனவே முக்கால்வாசி முடிந்துவிட்டது, ஐயா. உங்கள் கடிதம் கொஞ்சம் தாமதம்.

காங்கிரஸ் மட்டும் உத்தமமா என்று இந்நேரம் யாராவது பேனாவை எடுத்திருப்பார்கள். இல்லை. 2011 ஏப்ரலில் பொதுக் கணக்குக் குழுத் தலைவர் முரளி மனோகர் ஜோஷி 2ஜி பற்றிய வரைவு அறிக்கையைக் கொண்டுவந்தபோது, காங்கிரஸும் தி.மு.க.வும் இன்னும் சிலரைச் சேர்த்துக்கொண்டு, ஜோஷி வெளியேறிய பிறகு வேறொருவரைத் தலைவர் நாற்காலியில் உட்காரவைத்து, அறிக்கையை நிராகரித்ததாக அறிவித்தார்கள். குழு அறையும் சந்தைக்கடை ஆகும், ஆளும் தரப்புக்கு உயிர்போகிற விஷயமாக இருந்தால்.

உங்கள் கோபத்தில் நியாயமான பகுதி அங்கேதான் இருக்கிறது. பரபரப்பான விவகாரத்துக்கென்று தனியாக அமைக்கும் கூட்டுக்குழுக்கள் பெரும்பாலும் சபையின் சண்டையைச் சின்ன அறைக்கு மாற்றுவதோடு சரி. வக்ஃப் மசோதாவுக்கான கூட்டுக்குழுவைப் பார்த்தோமே. கண்ணாடி பாட்டில் உடைந்தது, பத்து எதிர்க்கட்சி உறுப்பினர்கள் ஒரு நாள் இடைநீக்கம் ஆனார்கள், எதிர்க்கட்சிகளின் திருத்தங்கள் எல்லாமே தோற்று ஆளும் தரப்பின் 14 திருத்தங்கள் நிறைவேறின. அவ்வளவு பிசிறில்லாமல் வாக்குகள் கட்சிவாரியாகப் பிரிகிற அறையில் ஆய்வு என்று எதைச் சொல்வது?

நிலைக்குழுக்களிலும் குறை உண்டு. ஆயுள் ஓராண்டுதான், ஒரு துறையைக் கற்றுக்கொள்வதற்குள் குழு மாற்றி அமைக்கப்படும். பல கூட்டங்களுக்குப் பாதிப் பேர் வருவதில்லை. பெண்களின் திருமண வயதை 21 ஆக்கும் மசோதா 2021 டிசம்பரில் ஒரு நிலைக்குழுவுக்குப் போனபோது, அந்த 31 பேரில் பெண் ஒரே ஒருவர். மசோதாவும் கரையேறாமல் 2024-ல் மக்களவையோடு காலாவதியானது.

நான் கேட்பது இரண்டு. மசோதாவைக் குழுவுக்கு அனுப்புவதா வேண்டாமா என்பது இங்கே சபாநாயகர், மாநிலங்களவைத் தலைவர் விருப்பம், அதாவது நடைமுறையில் அரசின் விருப்பம். பிரிட்டனில் இரண்டாம் வாசிப்பு, அதாவது மசோதாவின் நோக்கம் பற்றிய பொது விவாதம், முடிந்த மசோதா பொதுவாகக் குழுநிலையைத் தாண்டித்தான் ஆக வேண்டும். அதே விதி இங்கும் வரட்டும். அடுத்து, அதிகாரிகள் சாட்சியம் சொல்லும் பகுதியை மட்டுமாவது மக்கள் பார்க்கட்டும். உறுப்பினர்கள் தங்களுக்குள் விவாதித்து அறிக்கை எழுதும்போது கதவை மூடிக்கொள்ளலாம். பிரிட்டனில் பிரதமரே ஆண்டுக்குச் சில முறை குழுத் தலைவர்கள் முன் உட்கார்ந்து பதில் சொல்கிறார், தொலைக்காட்சியில். இங்கே பொதுக் கணக்குக் குழு ஓர் அமைச்சரைக்கூட அழைக்க முடியாது. பணமதிப்பிழப்பு விஷயத்தில் பிரதமரையும் அழைக்கலாம் என்று 2017-ல் அதன் தலைவர் கே.வி.தாமஸ் சொல்லப்போய், விதியைக் காட்டி அவரை அடக்கிவிட்டார்கள்.

கலைக்கச் சொல்லி எனக்கு எழுதியதற்குப் பதில் உங்கள் தொகுதி எம்.பி.க்கு ஒரு கடிதம் போடலாம். அவர் எந்த நிலைக்குழுவில் இருக்கிறார் என்பது மக்களவை இணையதளத்தில் கிடைக்கும், குழுக்களின் அறிக்கைகளும் அங்கேயே உண்டு, ஆனால் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும். போன வருடம் அந்தக் குழு எத்தனை முறை கூடியது, அவர் எத்தனை முறை போனார், அங்கே என்ன கேட்டார் என்று கேளுங்கள். பதில் வந்தால் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், பிரசுரிக்கிறேன்.