ஓநாய்க்கு விழுந்த ஓட்டு

வணக்கம் ஐயா,

பதினைந்து வருடமாக அமெரிக்காவில், கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகரத்தில் இருக்கிறேன். கொலராடோவுக்கு ஓநாய்களைத் திரும்பக் கொண்டுவரலாமா என்று மக்களிடமே ஓட்டுக்கு விட்ட 114-ஆம் தீர்மானத்துக்கு 2020 தேர்தலில் ஆதரவாக ஓட்டுப் போட்டேன். போன கோடையில் குடும்பத்தோடு, மாநிலத்தின் வடக்கே மலைப்பக்கம் இருக்கும் வால்டன் என்ற சிற்றூருக்குப் போயிருந்தோம். அங்கே ஒரு மாட்டுப் பண்ணைக்காரர், “ஓட்டுப் போட்டது டென்வர், ராத்திரி முழித்திருப்பது நாங்கள்” என்றார். பதில் சொல்ல வாய் வரவில்லை. நான் செய்தது தப்பா?

ஒரு வாசகர், டென்வர்

அன்புள்ள நண்பருக்கு,

தப்பில்லை. ஆனால் அவர் சொன்னதும் உண்மை. அந்தத் தீர்மானம் கிட்டத்தட்ட 51-க்கு 49 என்று மயிரிழையில் ஜெயித்தது. டென்வர், போல்டர் போன்ற ஊர்கள் ஆதரித்தன. ஓநாய்கள் போய் வாழவேண்டிய ராக்கி மலையின் மேற்குச் சரிவு கவுண்டிகளில் (மாவட்டங்களில்) பெரும்பாலானவை எதிர்த்தன. 2023 டிசம்பரில் ஆரிகன் மாநிலத்திலிருந்து பத்து ஓநாய்கள் வந்தன. அடுத்த ஏப்ரலிலேயே கிராண்ட் கவுண்டியில் கன்றுகள் சாக ஆரம்பித்தன.

கன்று செத்தால் வனவிலங்குத் துறை அலுவலர் வந்து தோலை உரித்துப் பார்ப்பார். பல் பதிந்த இடத்தில், தோலுக்கடியில் ரத்தம் கட்டியிருந்தால் அது உயிரோடு கடிபட்டது. நஷ்ட ஈடு உண்டு. ரத்தக்கட்டு இல்லையென்றால், செத்ததை ஏதோ தின்றிருக்கிறது. சரி, உடல் கிடைத்தால்தானே இதெல்லாம்? கோடையில் மாடுகள் மலை மேய்ச்சலுக்குப் போய்விடும். அங்கே செத்தது கண்ணில் படுவதற்குள் எலும்புதான் மிஞ்சும். குளிருக்கு முன் மந்தையை இறக்கி எண்ணும்போதுதான் குறைவது தெரியும். ஒரு மாட்டுக்கு 15,000 டாலர் வரை சட்டத்தில் இடமிருக்கிறது, காணாமல் போன கன்றுக்கும் கேட்கலாம். ஆனால் பழைய கணக்கையெல்லாம் எடுத்து வைத்து நிரூபிப்பது அவர் பாடு. உங்களிடம் அவர் பேசியது பணத்தைப் பற்றி இல்லை என்றே நினைக்கிறேன்.

வேட்டைக்காரர்களின் கவலை வேறு. எல்க் மான் அழிந்துவிடும் என்கிறார்கள். யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் வடக்கு எல்க் மந்தை, 1995இல் ஓநாய்கள் வந்தபோது சுமார் 19,000 இருந்து, பின்னால் 5,000க்கும் கீழே போனது உண்மை. ஆனால் அதே காலத்தில் அங்கே கரடிகள் பெருகின, வறட்சி வந்தது, பூங்காவுக்கு வெளியே துப்பாக்கியும் சுட்டுக்கொண்டுதான் இருந்தது. கொலராடோவிலோ இரண்டரை லட்சத்துக்கு மேல் எல்க் இருக்கின்றன. இந்தப் பயத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

இந்த மண்ணின் ஓநாய்களை 1940களுக்குள் பொறி வைத்தும் விஷம் வைத்தும் துடைத்தெடுத்தார்கள். அரசாங்கமே அதற்குச் சம்பளத்துக்கு ஆள் வைத்திருந்தது. அவை திரும்பி வருவது நியாயம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த நியாயத்துக்கான விலையை மலையடிவாரத்துச் சில குடும்பங்கள் மட்டும் கொடுப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஒன்று செய்யலாம். ஓநாய் படம் போட்ட கார் நம்பர் பிளேட் 2024 முதல் உங்கள் மாநிலத்தில் கிடைக்கிறது. அதற்குக் கட்டும் கூடுதல் பணம், ஓநாயைக் கொல்லாமல் மாட்டைக் காப்பாற்றும் வேலைகளுக்குப் போகிறது. மந்தையோடு குதிரையில் சுற்றிவரும் காவலாட்கள் அதில் ஒன்று. வாங்கி மாட்டுங்கள். அப்புறம் அடுத்த முறை வால்டன் போகும்போது அவரைத் தேடிப் போய், இந்த வருடம் எத்தனை கன்று மலையிலிருந்து இறங்கியது என்று கேளுங்கள்.

அன்புடன்.