லேசர் சிகிச்சைக்கு முன் அடைக்க வேண்டிய கடன்

கேள்வி: எனக்கு வயது 27. திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். கைக்கு வரும் சம்பளம் 34,000 ரூபாய். இரண்டு கண்ணிலும் பவர் மைனஸ் 4 (சென்ற ஆண்டு மைனஸ் 3.5). கான்டாக்ட் லென்ஸுக்கும் அதன் திரவத்துக்கும் மாதம் 900 ரூபாய் ஆகிறது. செலவைக் குறைக்க, ஒரு மாத லென்ஸை நாற்பத்தைந்து நாள் வரை போட்டுக்கொள்கிறேன். எங்கள் அலுவலகத்துக்கு வந்த இலவச முகாமில், லேசர் செய்துகொண்டால் இந்தச் செலவே இருக்காது என்றார்கள். இரண்டு கண்ணுக்கும் 80,000 ரூபாய், வட்டியில்லாத 12 மாதத் தவணை. ரொக்கமாகக் கட்டினால் 74,000. இன்ஷூரன்ஸிலும் முயலலாம் என்கிறார்கள். சலுகை மாத இறுதி வரைதான் என்பதால் 1,000 ரூபாய் முன்பணம் கட்டிவிட்டேன். ஏற்கெனவே என் கிரெடிட் கார்டில் 1,10,000 ரூபாய் பாக்கி இருக்கிறது. அக்காவின் கணவர் தன் கடைச் சரக்குக்கு அந்தக் கார்டைப் பயன்படுத்துகிறார். கையில் பணம் வரும்போது தருவார். மாதம் 5,500 ரூபாய் குறைந்தபட்சத் தொகையை நான் தவறாமல் கட்டிவருகிறேன். லேசர் செய்துகொள்ளலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் லென்ஸைப் பற்றி விரிவாகவும் கார்டைப் பற்றிப் போகிறபோக்கிலும் எழுதியிருக்கிறீர்கள். கணக்கு அதற்கு நேர்மாறாக இருக்கிறது. கார்டு பாக்கிக்குப் பெரும்பாலான வங்கிகள் மாதம் 3.5 சதவீதத்தை ஒட்டி வட்டி போடுகின்றன. 1,10,000 ரூபாய்க்கு அது 3,850. அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி ஏறத்தாழ 690. ஆக 4,540 ரூபாய் வட்டிக்கே போய்விட, நீங்கள் கட்டும் 5,500இல் அசலில் கழிவது ஆயிரம் ரூபாய்கூட இல்லை. அந்த ஆயிரத்தையும் உங்கள் மாமா அடுத்த வாரமே சரக்கு எடுத்து நிரப்பிவிடுகிறார். பாக்கி இருக்கும் கார்டில் புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லா நாட்கள் என்ற சலுகை கிடையாது என்பதால், அவர் தேய்த்த நாளிலிருந்தே அதற்கும் வட்டி ஓடத் தொடங்குகிறது. லென்ஸுக்கு ஆவதைப் போல ஐந்து மடங்கு பணம் மாதாமாதம் இப்படிக் கரைகிறது. இதைக் கவனிக்காமல், மாதம் இருநூறு முந்நூறு ரூபாய்க்காகக் காலாவதியான லென்ஸைக் கண்ணில் வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். கருவிழியில் கிருமித்தொற்று வந்தால் ஆகும் மருத்துவச் செலவு பல ஆண்டு லென்ஸ் செலவை விழுங்கிவிடும். அந்தப் பழக்கத்தை இன்றே நிறுத்துங்கள்.

குறைந்தபட்சத் தொகையைத் தவறாமல் கட்டுவதை நீங்கள் ஒழுங்கு என்று நினைக்கிறீர்கள். வங்கி விரும்புவதும் அந்த ஒழுங்கைத்தான். மாமா கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் சட்டப்படி அது உங்கள் கடன். கடனைத் திருப்பிக் கட்டும் நம்பகத்தன்மையைக் காட்டும் சிபில் மதிப்பெண் குறைவதும் உங்களுக்குத்தான். ஆகவே அவருடைய செல்பேசியிலும் அவர் சரக்கு எடுக்கும் செயலிகளிலும் பதிந்துள்ள உங்கள் கார்டை முதலில் நீக்குங்கள். எண் அவருக்கு மனப்பாடம் என்றால் கார்டை முடக்கிப் புதியது கேளுங்கள். அக்காவின் மனம் வருந்துமே என்று தயங்கினால், அக்கா இருக்கும்போதே வங்கி அறிக்கையைக் காட்டிப் பேசுங்கள். கடைக்கு நடைமுறை மூலதனம் தேவைப்பட்டால் மாமா தன் பெயரில் முத்ரா கடனுக்கு விண்ணப்பிக்கலாம். ஆண்டுக்கு 42 சதவீத வட்டியில் சரக்கு வாங்கி விற்று லாபம் பார்க்கும் வியாபாரம் எது என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்து பாக்கியை அடைப்பது. வீட்டில் நகை இருந்தால், வங்கியில் நகைக்கடன் வாங்கிக் கார்டை ஒரே தவணையில் முடித்துவிடுங்கள். அங்கு வட்டி ஆண்டுக்கு 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும் முதல் மாத வட்டி சுமார் 920 ரூபாய்தான். இப்போது கார்டுக்குக் கட்டும் 5,500 ரூபாயோடு, லேசர் தவணைக்கு ஒதுக்கத் துணிந்த 6,700 ரூபாயையும் சேர்த்து மாதம் 12,000 கட்டினால் பத்து மாதத்தில் நகை வீட்டுக்கு வந்துவிடும். பிறகு அதே 12,000 ரூபாயை ஏழு மாதம் தொடர் வைப்பில் போட்டால் சிகிச்சைக்கான பணம் ரொக்கமாகவே கையில் இருக்கும்.

இனி அந்த வட்டியில்லாத் தவணை. ரொக்க விலைக்கும் தவணை விலைக்கும் இடையிலுள்ள 6,000 ரூபாய்தான் வட்டி. பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். செயலாக்கக் கட்டணமாக ஜிஎஸ்டியோடு இன்னொரு 1,770 ரூபாய் வாங்கினால், குறைந்துகொண்டே வரும் பாக்கிக்கு அது ஆண்டுக்கு ஏறத்தாழ 19 சதவீத வட்டி ஆகிறது. பூஜ்ய வட்டி என்ற கருத்தே இல்லாத ஒன்று என்று ரிசர்வ் வங்கி 2013ஆம் ஆண்டிலேயே வங்கிகளுக்கு எழுதிவிட்டது. விளம்பரங்கள் மட்டும் இன்னும் ஓயவில்லை.

இன்ஷூரன்ஸை நம்பவே வேண்டாம். 7.5 டயாப்டருக்கு (கண்ணின் பவரை அளக்கும் அலகு) குறைவான பார்வைக் குறைபாட்டைச் சரிசெய்யும் செலவு, இந்திய மருத்துவக் காப்பீட்டு பாலிசிகளில் பொதுவாக விலக்கப்பட்ட ஒன்று. உங்கள் பவர் 4. அதை எட்டாக எழுதிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், அந்த இடத்தில் கண்ணைக் காட்டாதீர்கள். பொய்க் கோரிக்கையால் பாலிசியே ரத்தாகலாம்.

லேசரை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. மாதம் 900 என்றால் ஆண்டுக்கு 10,800 ரூபாய். 74,000 ரூபாய் ஏழு ஆண்டுகளில் ஈடாகிவிடும், பதினேழு மாதம் காத்திருந்து செய்துகொண்டாலும் அப்போது உங்களுக்கு முப்பத்தேழு வயதுகூட ஆகியிருக்காது. நாற்பதைத் தாண்டியதும் படிப்பதற்குக் கண்ணாடி தேவைப்படுவதை இந்த சிகிச்சை தடுக்காது என்பதையும், சிலருக்குக் கண் வறட்சி நீடித்துச் சொட்டு மருந்துச் செலவு தொடரும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அதற்கான காலம் இது இல்லை. பவர் குறைந்தது ஓராண்டாவது மாறாமல் இருக்க வேண்டும் என்பது மருத்துவர்கள் வழக்கமாகப் பார்க்கும் முதல் தகுதி. உங்களுக்கோ ஓராண்டில் அரை புள்ளி ஏறியிருக்கிறது. லென்ஸ் கருவிழியின் வடிவத்தையே சற்று மாற்றக்கூடியது என்பதால், சாதாரண மென்லென்ஸ் அணிபவர்கள்கூட ஓரிரு வாரம் அதைக் கழற்றி வைத்த பிறகுதான் சரியான அளவு கிடைக்கும். அலுவலக முகாமில், அன்று காலை வரை லென்ஸ் போட்டிருந்த கண்ணை அளந்து அன்றே முன்பணமும் வாங்கியிருந்தால், அவர்களுடைய அவசரம் உங்கள் கண்ணுக்காக அல்ல.

எனவே கடனுக்குப் பத்து, சேமிப்புக்கு ஏழு என்று பதினேழு மாதம் கழித்து, லென்ஸைக் கழற்றிவிட்டு, விற்பனை இலக்கு இல்லாத ஒரு கண் மருத்துவரிடம் கருவிழியின் தடிமனையும் வரைபடத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். லேசர் முறைகளில் உங்கள் கருவிழிக்கு ஏற்றது லேசிக்கா, பிஆர்கேயா, ஸ்மைலா, அல்லது எதுவும் வேண்டாமா என்பதை அவர் சொல்லட்டும். பரிசோதனை, மருந்து, பவர் மீண்டும் வந்தால் மறு சிகிச்சை ஆகியவை விலைக்குள் அடங்குமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். கட்டிய 1,000 ரூபாய் முன்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். தர மறுத்தால் போகட்டும், அதற்காக 80,000 ரூபாய்க்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.