மூன்று வயதுக் குழந்தையோடு இரண்டு மாதம் ஆஸ்திரேலியாவில் அக்கா வீட்டில் தங்கப் போகிறோம். என்னென்ன எடுத்துச் செல்ல வேண்டும்?

கேள்வியைப் பார்த்துவிட்டு பதில் எழுதாமல் தாண்டிப் போக முடியவில்லை. திருச்சியிலிருந்து, இதே வயதுப் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு, மெல்போர்னில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய் ஏழு வாரம் தங்கிவிட்டு வந்தவள் நான். டிசம்பர் முதல் வாரம் போனோம், ஜனவரி கடைசியில் திரும்பினோம்.

உங்கள் அக்கா "எத்தனை நாள் வேணும்னாலும் இருடி" என்று சொல்லியிருப்பார். அம்மா இப்போதே பொடி இடிக்க ஆரம்பித்திருப்பார். நீங்களும் "அக்கா வீடுதானே" என்று இருப்பீர்கள். நானும் அப்படித்தான் இருந்தேன்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். என் அக்காவைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. டிக்கெட்டில் பாதி அவள் போட்டது. "சொந்த அக்காவைப் பற்றிப் பொதுவில் எழுதலாமா" என்று கமெண்ட் போட வருகிறவர்கள் தயவுசெய்து முழுசாகப் படித்துவிட்டு வாருங்கள்.

நீங்கள் கேட்ட சாமான் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். விமானத்தில் கொடுக்கும் பயணி அட்டையில், சாப்பாட்டுப் பொருள் இருக்கிறதா என்ற கேள்விக்கு "ஆமாம்" என்றே டிக் போடுங்கள். பெட்டியில் ஒரு முறுக்குத்தான் இருந்தாலும் "ஆமாம்"தான். சொல்லிவிட்டால் கூடாததை மட்டும் எடுத்துத் தொட்டியில் போடுவார்கள், அபராதம் கிடையாது. மறைத்து மாட்டினால் அபராதம் ஆயிரக்கணக்கான டாலருக்குப் போகலாம். 2019 முதல் விசாவையே ரத்து செய்யவும் அவர்களுக்கு அதிகாரம் இருக்கிறது. பால் இனிப்பு போகாது, பச்சை இலை போகாது. எங்களுடையதில் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா ஒரு கிலோ தொட்டிக்குப் போனது. அதோடு, பையனின் ஸ்வெட்டருக்குள் சுருட்டி வைத்திருந்த ஒரு கொத்து கருவேப்பிலை. நான் வைக்கவில்லை. மாமியார் வேலை. கையுறை போட்ட அந்த அதிகாரிப் பெண் காம்பை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கியபோது, "அது எங்க பாட்டியோடது!" என்று என் பையன் போட்ட சத்தத்தில் வரிசையே திரும்பிப் பார்த்தது.

மருந்து: பாரசிட்டமால் சிரப் நம் ஊரிலேயே 5 மில்லிக்கு 120, 125, 250 மில்லிகிராம் என்று பல வீரியத்தில் வருகிறது. உங்கள் டாக்டரிடம் குழந்தையின் எடைக்கு எத்தனை மில்லிகிராம் என்று எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். அங்கே வாங்கினாலும் லேபிளைப் பார்த்துக் கணக்குப் போடலாம். இன்ஷூரன்ஸ் கட்டாயம் எடுங்கள். நம்மைப் போல விசிட்டர் விசாவில் போகிறவர்களுக்கு அவர்களுடைய மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடு கிடையாது. டாக்டர், ஆஸ்பத்திரி எல்லாமே கைக்காசு.

குழந்தைக்கான கார் சீட்டை இங்கிருந்து தூக்கிக்கொண்டு போகாதீர்கள். நாங்கள் போனோம். அங்கே ஏழு வயதுக்குள் இருக்கும் குழந்தை சீட் இல்லாமல் சொந்தக் காரில் ஏறக் கூடாது. அந்தச் சீட்டிலும் அவர்களுடைய ஏஎஸ்/என்இசட்எஸ் 1754 என்ற தர முத்திரை இருக்க வேண்டும். எங்களுடையதில் இல்லை. மேலே இழுத்துக் கட்டும் பட்டையும் இல்லை. விமான நிலைய பார்க்கிங்கில் மாமா, அதாவது அக்காவின் கணவர், அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது செல்லாதும்மா" என்றார். என் கணவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மாமா எதற்கும் இருக்கட்டும் என்று வாடகைக்கு ஒன்று எடுத்து வைத்திருந்ததால் அன்றைக்குத் தப்பித்தோம். எங்களுடையது ஏழு வாரமும் கராஜில் கிடந்தது.

இப்போது அப்பளக் கதை. கேள்விக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, ஆனால் எங்கேயாவது சொல்லியாக வேண்டும். கிளம்புவதற்கு முந்தின நாள் எங்கள் தெரு மாமி ஒருத்தர் நாலு கிலோவுக்கு ஒரு பார்சல் கொண்டுவந்து வைத்தார். "என் பையனும் மெல்போர்ன்தாம்மா, வந்து வாங்கிப்பான்." அக்கா வீடு நகரத்துக்குத் தென்கிழக்கே கிரான்போர்னில். அந்தப் பையன் இருப்பது மேற்கே வெரிபியில். நடுவில் 70 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. அவன் ஒரு நாளும் வரவில்லை. போன் பண்ணினால் "வீக்கெண்ட் பாக்கறேன்க்கா" என்பான். அந்தப் பார்சலுக்கு இடம் வேண்டும் என்று என் பையனுடைய விளையாட்டுச் சாமான் பையை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனவள் நான். அட்டையில் கையெழுத்துப் போட்டது நான், சுங்கத்தில் பிரித்துக் காட்டியது நான். ஊருக்குத் திரும்பினால் அந்த மாமி என் அம்மாவிடம் "உங்க பொண்ணு என் பிள்ளைகிட்ட அப்பளத்தைக் குடுக்கவே இல்லையாமே" என்கிறார்!

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

முதல் வாரம் தூக்கம். அங்கே கோடையில் நம்மை விட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருப்பார்கள். ஊரில் ஒன்பது மணிக்குத் தூங்குகிற குழந்தைக்கு அங்கே தூக்கம் வருவது ராத்திரி இரண்டரைக்கு. போதாக்குறைக்கு டிசம்பரில் அங்கே எட்டே முக்கால் வரை வெளிச்சம். "இன்னும் பகல்தானே, ஏன் படுக்கணும்?" என்று கேட்டான். என்ன பதில் சொல்ல? ஒரு வாரம் கதவைச் சாத்திக்கொண்டு, சத்தம் வெளியே போகாமல், நடுராத்திரியில் யானைக் கதை சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்தக் கதவு யாருடையது என்பதுதான் விஷயம். அது அக்கா பையனுடைய அறை. பதிமூன்று வயது. எங்களுக்காக அவனை ஹாலில் சோஃபாவுக்கு மாற்றியிருந்தார்கள். ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை, தங்கமான பிள்ளை. ஆனால் தினமும் சாயங்காலம் அவன் அறைக் கதவை அவனே தட்டிவிட்டு, "சித்தி, சார்ஜர் எடுத்துக்கலாமா?" என்று வெளியே நின்று கேட்பான். முதல் வாரம் எனக்கு அது மரியாதையாகத் தெரிந்தது. நாலாவது வாரம் அந்தத் தட்டல் கேட்டாலே கூசியது.

அக்காவுக்கு வருஷத்துக்கு நாலு வாரம்தான் லீவு. அதில் இரண்டு வாரத்தை எங்களுக்காகக் கொடுத்தாள். அந்த இரண்டு வாரம் திருவிழா. கேரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயில், பெல்கிரேவிலிருந்து கிளம்பும் பஃபிங் பில்லி நீராவி ரயில், எல்லாம் பார்த்தோம். பிலிப் தீவுக்கு பெங்குவின் பார்க்கவும் போனோம். அங்கே பெங்குவின் இருட்டின பிறகுதான் கடலிலிருந்து கரையேறும், கோடையில் அதற்கு ஒன்பது மணி தாண்டிவிடும். மூன்று வயதுக் குழந்தை அதுவரை விழித்திருக்குமா? குளிர்காற்றில் கம்பளிக்குள் சுருண்டு தூங்கிவிட்டான். போட்டோ எடுக்கவும் அங்கே அனுமதி இல்லை. "என்னை பெங்குவின் பாக்கவே கூட்டிட்டுப் போகல" என்று இன்று வரை சாதிக்கிறான். காட்டுவதற்கு ஒரு அத்தாட்சி இல்லை.

மூன்றாவது வாரம் என் கணவர் லீவு முடிந்து ஊருக்குக் கிளம்பினார். அக்காவும் மாமாவும் வேலைக்குப் போக ஆரம்பித்தார்கள். அதற்குப் பிறகுதான் உண்மையான ஆஸ்திரேலியா. காலை எட்டு மணிக்கு மேல் தெருவில் ஒரு ஆள் கிடையாது. உறையூரில் வளர்ந்தவள் நான். வாசலில் நின்றால் பூக்காரம்மா, கீரைக்காரர், இஸ்திரி வண்டி என்று யாராவது பேச்சுக் கொடுப்பார்கள். அங்கே நின்றால் எதிர்வீட்டுப் பூனை மட்டும் பார்க்கும். காரும் ஓட்டத் தெரியாது. இரண்டு விஷயம் எங்களைக் காப்பாற்றியது. ஒன்று, கவுன்சில் நூலகத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு நடத்தும் ஸ்டோரி டைம். இலவசம், பாட்டும் ஆட்டமுமாக இருக்கும். இன்னொன்று டாய் லைப்ரரி. புத்தகம் மாதிரி பொம்மைகளை எடுத்து வந்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கலாம். இதை மட்டும் போன உடனே விசாரியுங்கள்.

நாலாவது வாரம் இன்ஸ்பெக்‌ஷன் நோட்டீஸ் வந்தது. அக்கா இருப்பது வாடகை வீடு. மெல்போர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் வீட்டுக்காரரின் ஏஜென்ட் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து வீட்டைப் பார்க்கலாம், ஏழு நாள் முன்னால் சொல்ல வேண்டும். எனக்கு அதெல்லாம் தெரியாது. தெரிந்தது, ஹால் கார்ப்பெட்டில் என் பையன் கவிழ்த்த ரசம் சாதத்தின் மஞ்சள் கறை ஒன்று இருக்கிறது, சுவரில் பச்சை கிரேயானால் போட்ட ரயில் ஒன்று இருக்கிறது.

அன்று ராத்திரி பதினோரு மணிக்குச் சரக் சரக் என்று சத்தம். எட்டிப் பார்த்தேன். அக்கா முட்டி போட்டு உட்கார்ந்து பழைய டூத் பிரஷ்ஷால் கறையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். துணி சோப்புத் தூளைப் போட்டுத் தேய்த்ததில் மஞ்சள் போய் ரத்தச் சிவப்பாகிவிட்டது. மஞ்சளில் சோப்பு, சுண்ணாம்பு மாதிரிக் காரம் பட்டால் சிவக்காதா பின்னே, குங்குமமே அப்படித்தானே செய்கிறார்கள். வினிகர் ஊற்றினாள், மறுபடியும் மஞ்சளானது. நம் ஊரில் மஞ்சள் பட்ட துணியை இரண்டு நாள் வெயிலில் உலர்த்தினால் கறை தானாக வெளுத்துவிடும். ஆணி அடித்த கார்ப்பெட்டை எந்த வெயிலில் போடுவது?

"நான் தேய்க்கிறேன்க்கா" என்று பிரஷ்ஷை வாங்கப் போனேன். தரவில்லை.

"நீ போய்ப் படுடி. அவன் எழுந்துப்பான்."

"குழந்தை தெரியாம பண்ணிட்டான்..."

"நான் ஒண்ணும் சொல்லலையே."

கொஞ்ச நேரம் தேய்த்துவிட்டு, தலையைத் தூக்காமலே சொன்னாள்: "நீ லீவுல வந்திருக்கடி. நான் லீவுல இல்ல."

அவ்வளவுதான். சண்டையெல்லாம் இல்லை. ஆனால் அறைக்கு வந்து படுத்த எனக்கு விடியும் வரை தூக்கம் இல்லை. மூன்று வாரமாக ரெண்டு பேருக்கு மேல் கூடுதலாகச் சமைத்து, ஆபீஸ் போய், வந்து, எங்கள் துணியையும் சேர்த்து மெஷினில் போட்டவள் அவள். நான் கொல்லையில் ஹோஸ் பைப்பில் தண்ணீர் அடித்து விளையாடும் பையனைப் போட்டோ எடுத்து ஃபேமிலி குரூப்பில் போட்டுக்கொண்டிருந்தேன். சமைக்கவில்லையா என்று கேட்பீர்கள். சமைத்தேன். அவள் அடுப்பில், அவள் பாத்திரத்தில், அவள் முறைக்கு நேர் எதிராகச் சமைத்தேன். அது அவளுக்கு உதவியா, இன்னொரு வேலையா என்று அப்போது யோசிக்கவில்லை.

மறுநாள் நீராவியில் கார்ப்பெட் சுத்தம் செய்கிறவரை வரவழைத்து 180 டாலரை நான்தான் கொடுத்தேன். அக்கா வாங்கவே மாட்டேன் என்றாள், மாமா சத்தம் போடாமல் வாங்கி வைத்துக்கொண்டார். மாமா மேல் எனக்கு மதிப்பு வந்த இடம் அது. சுவர் ரயிலின் முக்கால்வாசியை ஈரத்துணியால் அழித்தோம். மிச்சத்தின் மேல் சோஃபாவை நகர்த்தினோம்.

ஐந்தாவது வாரம் நானும் பையனும் மட்டும் பல்லாரத் என்ற ஊருக்கு மூன்று ராத்திரி போனோம். "தனியா எதுக்குடி" என்று அக்கா தடுத்தாள், பிடிவாதமாகப் போனேன். மெல்போர்ன் சதர்ன் கிராஸ் ஸ்டேஷனிலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரம். 2023 மார்ச் கடைசியிலிருந்து அந்த மாநிலத்தில் வெளியூர் ரயிலுக்கும் நகரத்துக்குள் போகும் ஒருநாள் டிக்கெட் விலைதான் உச்சவரம்பு, மூன்று வயதுக் குழந்தைக்கு இலவசம். அங்கே சாவரின் ஹில் என்று, 1850களின் தங்கச் சுரங்க ஊரை அப்படியே கட்டி வைத்திருக்கிறார்கள். ஓடையில் தட்டை வைத்து மண்ணை அலசித் தங்கம் தேடலாம், கிடைத்தால் நமக்கே. என் பையன் சேற்றில் இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தான். ஊரில் இரண்டு நிமிஷம் உட்காராதவன். கண்ணுக்குத் தெரியாத ஒரு துகளைச் சின்னக் குப்பியில் போட்டு எடுத்து வந்தோம். பூஜை அறையில் இருக்கிறது.

திரும்பி வந்து அறையைத் திறந்தேன். கட்டிலில் அக்கா பையனின் தலையணை இருந்தது, பக்கத்தில் பாதி படித்த புத்தகம் கவிழ்த்து வைத்திருந்தது. மூன்று நாளும் அவன் அங்கே படுத்திருக்கிறான், எடுத்துப் போக மறந்துவிட்டான். அன்று ராத்திரி சோஃபாவுக்கு நானும் பையனும் மாறிக்கொண்டோம். கடைசி வரை அங்கேதான் படுத்தோம். அக்கா திட்டினாள். ஆனால் அதற்குப் பிறகு மிச்சம் இருந்த நாட்கள்தான் நன்றாக இருந்தன, பாத்திரம் கழுவிக்கொண்டே சின்ன வயசுக் கதை பேசினோம்.

அதனால் நீங்கள் பெட்டி கட்டுவதற்கு முன்னால் அக்காவுக்கு போன் போட்டு மூன்று விஷயம் கேளுங்கள். யார் அறையில் படுக்கப் போகிறோம், உனக்கு எத்தனை நாள் லீவு, வீடு வாடகையா சொந்தமா. இரண்டு மாதம் என்றால் நடுவில் நாலு நாளாவது வெளியே போய்த் தங்கக் காசு ஒதுக்கிக்கொள்ளுங்கள். "எங்க அக்கா அப்படி இல்லை" என்று எழுதப் போகிறீர்கள் என்றால், என் அக்காவும் அப்படி இல்லைதான். வருகிற ஜூனில் குடும்பத்தோடு மூன்று வாரம் எங்கள் வீட்டுக்கு வருகிறாள். அவள் பையனுக்குத் தனி அறை ஒழித்து வைத்திருக்கிறேன்.

அந்த அப்பளம் கடைசி வரை அக்கா வீட்டுக் கப்போர்டிலேயே கிடந்தது. போன பொங்கலுக்கு ஒரு கட்டைப் பிரித்துப் பொரித்தாளாம். ஒரே காறல், அப்படியே குப்பையில் போட்டுவிட்டேன் என்றாள்.