அந்த எண்ணெய்ப் படம் ஏன் இவ்வளவு மெதுவாக? – கடிதமும் பதிலும்

வணக்கம்.

உங்கள் பரிந்துரையை நம்பி 'தேர் வில் பீ ப்ளட்' படத்தை நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து பார்த்தோம். முதல் கால் மணி நேரம் யாரும் வாயே திறப்பதில்லை. ஒரு நண்பர் பாதியில் தூங்கிவிட்டார். இன்னொருவர் "இதுதான் சினிமா, பிடிக்கவில்லை என்றால் உனக்கு ரசனை போதாது" என்றார். மூன்றாமவர் மறுநாள் நாயகனின் படத்தைப் போட்டு, உழைத்து ஜெயித்தவன் என்று ஸ்டேட்டஸ் வைத்தார். மூன்று பேரோடும் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் என் கருத்து என்ன என்றும் சொல்லத் தெரியவில்லை. டேனியல் டே-லூயிஸின் நடிப்பில் மிரண்டேன், பல இடங்களில் சலித்தும் போனேன். அவன் ஏன் அப்படி ஆனான் என்று படம் கடைசிவரை சொல்லவில்லையே? பேராசையைப் பற்றிய கதையை இவ்வளவு மெதுவாகத்தான் சொல்ல வேண்டுமா?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

சலித்தது என்று சொல்ல நீங்கள் தயங்கவே வேண்டாம். 158 நிமிடப் படம் அது. சலித்தவரிடம் ரசனை இல்லை என்று சொல்வது, பேச்சை அங்கேயே நிறுத்துவதற்கான வழி. பிடித்த படத்தைக் காப்பாற்ற அப்படிச் செய்கிறோம், அதனால் அந்தப் படத்துக்கு ஒரு நன்மையும் இல்லை. எந்த இடத்தில் சலித்தது என்று கேட்டிருந்தால் உங்கள் நால்வருக்கும் நல்ல உரையாடல் கிடைத்திருக்கும். உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு இடம்தான் குறிப்பாக இருக்கிறது: தொடக்கம். அதிலிருந்தே பேசலாம்.

1898. நியூ மெக்ஸிகோவில் நாயகன் டேனியல் பிளெய்ன்வியூ தன்னந்தனியாகக் குழிக்குள் நின்று வெள்ளிக்காகப் பாறையைக் கொத்துகிறான். வெடி வைக்கிறான். ஏணி உடைந்து கீழே விழுகிறான், கால் முறிகிறது. மேலே ஏறி, மல்லாந்தபடியே கரடுமுரடான நிலத்தில் உடலை இழுத்துக்கொண்டு போகிறான். அடுத்து பார்க்கும்போது உலோகத்தைச் சோதிக்கும் அலுவலகத்தின் தரையில் கிடக்கிறான். காலுக்கு வைத்தியம் அப்புறம்தான், வெள்ளிக்குக் கையெழுத்து முதலில். பிறகு 1902. வாளியும் கயிறுமாகக் குழியிலிருந்து எண்ணெயை இறைக்கிறார்கள். ஒரு தொழிலாளி உள்ளேயே செத்துப்போகிறான். அவனுடைய கைக்குழந்தையை டேனியல் எடுத்துக்கொள்கிறான். இவ்வளவும் உரையாடல் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லாமல் நடக்கிறது.

அவனுடைய அப்பா யார், அம்மா யார், என்ன ஏமாற்றம் கண்டான் என்று எதுவும் நமக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் அவன் உழைப்பு மட்டும். அந்தக் கால் மணி நேரம் முடியும்போது அவனை வெறுக்க யாராலும் முடியாது, கொஞ்சம் மரியாதைகூட வந்துவிடுகிறது. அப்புறம்தான் அவன் முதன்முறையாக நீளமாகப் பேசுகிறான். எண்ணெய்க் குத்தகைக்காக ஊர்க் குடும்பங்களின் முன்னால், பையனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தான் குடும்பஸ்தன் என்கிறான். அந்தப் பையன் எப்படி வந்தான் என்று நமக்குத் தெரியும், எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியாது. தொடக்கத்தைத் தள்ளிவிட்டுப் பார்க்கிறவரும் அந்த ஊர்க்காரர்களில் ஒருவராகிவிடுகிறார், அவர்களைப் போலவே அவன் சொல்வதை நம்பிவிடுகிறார். அதனால் அந்தப் பதினைந்து நிமிடத்திலிருந்து ஒரு நொடியைக்கூடக் குறைக்கக் கூடாது என்பது என் எண்ணம்.

ஸ்டேட்டஸ் வைத்த நண்பரைக் கோபிக்காதீர்கள். அவர் இல்லாத ஒன்றைப் பார்க்கவில்லை. ஸ்டாண்டர்ட் ஆயில் என்ற ராட்சத நிறுவனத்தின் ஆள் வந்து பத்து லட்சம் டாலர் தருகிறேன் என்கிறான். விற்றுவிட்டு நான் என்ன செய்வது என்று கேட்கிறான் டேனியல். ரயில் கம்பெனிகளுக்குக் கட்டணம் கொட்டிக்கொடுக்காமல் கடல்வரை சொந்தமாகக் குழாய் போடத் திட்டமிடுகிறான். பெரிய முதலைகளுக்கு எதிரே ஒற்றை ஆளாக நிற்கிறவன் பக்கம்தான் எந்த அரங்கமும் சாயும். ஆனால் உங்கள் நண்பர் அதற்கு முன்னால் வந்ததையும் சேர்த்துப் பார்த்திருக்க வேண்டும். தம்பி என்று சொல்லிக்கொண்டு வந்தவனிடம் ஒரு இரவில் டேனியல் மனம் திறக்கிறான். தனக்குள் போட்டி இருக்கிறதாம், வேறு எவரும் ஜெயிப்பதைப் பார்க்கப் பொறுக்காதாம். பணத்தை வேண்டாம் என்று சொன்னவனின் பேராசை அங்கேதான் இருக்கிறது.

ஏன் அப்படி ஆனான் என்ற உங்கள் கேள்விக்குப் படம் தரும் பதில் அந்த ஒப்புதல் மட்டும்தான். எனக்கு அது போதும். சிறுவயதில் ஒரு காயம், ஒரு கொடுமைக்கார அப்பா என்று ஒரு காரணத்தைக் காட்டியிருந்தால், பாவம் என்று சொல்லிவிட்டு நாம் நகர்ந்துவிடுவோம், அவன் நமக்கு அந்நியனாகிவிடுவான். வெள்ளிக் குழியில் நாம் மதித்த அதே பிடிவாதம்தான் பின்னால் மனிதர்களை மிதிக்கிறது. எந்த நாளில் ஒன்று இன்னொன்றாக மாறியது என்று கோடு போட முடியவில்லை. கோடு போட முடியாதபடி மாறுவதைக் காட்ட ஒரு படத்துக்கு நேரம் வேண்டும். அது மெதுவாகப் போவதற்கு நான் சொல்லக்கூடிய நியாயம் இதுதான்.

இன்னொன்றும் உண்டு. அந்தத் தொழிலுக்கு அப்படியொரு அவசரம் இருந்தது. பூமிக்கடியில் எண்ணெய் வேலிக்குக் கட்டுப்பட்டு நிற்காது. தன் நிலத்தில் கிணறு தோண்டி யார் மேலே எடுக்கிறாரோ எண்ணெய் அவருக்கே சொந்தம், அது பக்கத்து நிலத்தின் அடியிலிருந்து நகர்ந்து வந்திருந்தாலும் சரி என்று 19ஆம் நூற்றாண்டிலிருந்தே அமெரிக்க நீதிமன்றங்கள் சொல்லி வந்தன. காத்திருந்தவன் இழந்தான். 1921இல் கலிஃபோர்னியாவின் சிக்னல் ஹில்லில் எண்ணெய் பொங்கியபோது வீட்டு மனைகளில்கூடக் கோபுரங்கள் நெருக்கியடித்து முளைத்தது அதனால்தான். படத்தின் கடைசிக் காட்சியில், பக்கத்து நிலத்தின் எண்ணெயை எப்போதோ உறிஞ்சிவிட்டேன் என்று டேனியல் கத்துவதை வெறும் வெறிப் பேச்சாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவன் செய்தது சட்டப்படி சரி, அதுதான் பயங்கரம். எல்லோரும் ஓடிக்கொண்டிருந்த ஒரு காலத்தை இயக்குநர் பால் தாமஸ் ஆண்டர்சன் நிதானமாக நின்று பார்க்கிறார்.

ஓட வேண்டிய இடத்தில் படம் ஓடவும் செய்கிறது. எண்ணெய்க் கோபுரம் வெடிக்கும் காட்சியை மறுபடி பாருங்கள். இசையமைப்பாளர் ஜானி கிரீன்வுட்டின் தாள வாத்தியங்கள் விடாமல் அடிக்கின்றன. பையனுக்குக் காது போய்விடுகிறது. டேனியல் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான், ஓரிடத்தில் கிடத்துகிறான், பையன் விடாமல் பற்றிக்கொள்கிறான், அந்தக் கைகளைப் பிரித்துவிட்டு டேனியல் எரிகிற கோபுரத்தைப் பார்க்கப் போய்விடுகிறான். பையன் நலமா என்று கேட்டால் இல்லை என்கிறான். காலடியில் எண்ணெய்க் கடலே இருக்கிறது என்ற பூரிப்பு முகமெல்லாம். முதல் கால் மணி நேரத்தில் அந்தக் குழந்தையைக் கையில் வைத்திருந்தவனைப் பொறுமையாகப் பார்த்தவர்களுக்குத்தான் இந்த இடம் வலிக்கும்.

பேராசைக் கதைகளுக்கும் படத்தின் நீளத்துக்கும் இடையே தகராறு புதிதல்ல. இயக்குநர் எரிக் வான் ஸ்ட்ரோஹைம், 1924இல் வெளிவந்த 'கிரீட்' என்ற மௌனப் படத்தை முதலில் எட்டு மணி நேரத்துக்கும் அதிகமாக எடுத்தார். தயாரிப்பு நிறுவனம் அதை இரண்டரை மணி நேரத்துக்குள் வெட்டிச் சுருக்கியது, வெட்டிய பகுதிகள் அழிந்துபோயின. மிஞ்சியதே பெரிய படம்தான். ஆனாலும் அதில் கணவனும் மனைவியும் பணத்தால் ஒருவரையொருவர் வெறுக்கத் தொடங்குவது சட்டென்று நடந்துவிடுவதுபோல எனக்குத் தோன்றும்.

அதே குறை 'தேர் வில் பீ ப்ளட்'டிலும் எனக்கு உண்டு, உங்கள் குறைக்கு நேர் எதிரான குறை. கடைசிப் பகுதிக்காகப் படம் 1927க்குத் தாவுகிறது. சிறுவர்களாகப் பார்த்த இருவர் அடுத்த காட்சியில் மணமேடையில் நிற்கிறார்கள். டேனியல் குடியில் ஊறிப்போய் ஒரு மாளிகையில் கிடக்கிறான். அந்தக் காட்சிகளை எடுத்த பெவர்லி ஹில்ஸ் மாளிகையே, இவனைப் போல வெள்ளி தேடி அலைந்து பிறகு எண்ணெயில் கொழித்த எட்வர்ட் டோஹெனி தன் மகனுக்காகக் கட்டியது. அவ்வளவு பொருத்தமான இடம். ஆனால் அங்கே அவன் மகனைக் கூப்பிட்டு, நீ கூடையில் கிடந்த அநாதை, என் ரத்தமே இல்லை என்று கத்தும்போது, இடையில் அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. காது கேட்காத மகனும் அவனும் ஒரே தொழிலில் பல வருடம் இருந்திருக்கிறார்கள். சைகைகளை அவன் கற்றுக்கொள்ளவே இல்லையா? மகன் எந்த நாளில் அவனை விட்டுப் போக முடிவு செய்தான்? வெள்ளிக் குழிக்குக் கொடுத்த நிதானத்தில் பாதியை இதற்குக் கொடுத்திருக்கலாம். படம் மூன்று மணி நேரத்தை எட்டியிருக்கும், நான் எழுந்து போயிருக்க மாட்டேன்.