கூட்டு வணிகத்தில் பங்காளி நிறுவனம் அதிகம் பறக்கிறது: விமானிகள் ஒப்பந்தம் மீறப்பட்டால் என்ன வழி?

கேள்வி: அமெரிக்காவில் ஒரு பெரிய விமான நிறுவனத்தில் துணை விமானியாக இருக்கிறேன். எங்கள் நிறுவனமும் ஓர் ஐரோப்பிய நிறுவனமும் அட்லாண்டிக் தடங்களில் கூட்டு வணிகம் நடத்துகின்றன. அந்தக் கூட்டுப் பறத்தலில் 50 சதவீதம் எங்கள் விமானிகளுக்கு என்று எங்கள் ஒப்பந்தத்தின் ஸ்கோப் பிரிவு (எந்தப் பறத்தல் எங்கள் விமானிகளுக்கு என்று வரையறுக்கும் பிரிவு) சொல்கிறது. 1.5 சதவீதப் புள்ளி வரை குறையலாம். கணக்கு மூன்றாண்டுக்குச் சேர்த்துப் பார்க்கப்படும். கிடைத்த பங்கு முதல் ஆண்டு 49.2, அடுத்த ஆண்டு 47.6, மூன்றாம் ஆண்டு 46.9. ‘புது விமானங்கள் வரத் தாமதம், பங்காளி வேகமாக வளர்ந்துவிட்டார், யாருக்கும் வேலை போகவில்லையே’ என்கிறது நிர்வாகம். சங்கம் ‘பேசிக்கொண்டிருக்கிறோம்’ என்கிறது. எல்லாரும் ஓவர்டைமை மறுப்போம் என்று வாட்ஸ்அப் குழுவில் பேச்சு ஓடுகிறது. அது சரியா? நீதிமன்றம் போகலாமா? நஷ்டஈடு கிடைக்குமா? சங்கம் அசையாவிட்டால் நான் தனியாக வழக்குப் போட முடியுமா?

பதில்: முதலில் வாட்ஸ்அப் விஷயம். அதில் நீங்கள் ஒரு வரிகூட எழுத வேண்டாம். அமெரிக்க விமானிகளுக்குப் பொருந்துவது 1926-ஆம் ஆண்டின் ரயில்வே தொழிலாளர் சட்டம். 1936-இல் அது விமான நிறுவனங்களுக்கும் நீட்டிக்கப்பட்டது. ஒப்பந்தத்தில் உள்ளதற்கு என்ன பொருள், அது மீறப்பட்டதா என்ற தகராறில் வேலைநிறுத்தம் கூடாது, நடுவர் முன்தான் போக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1957-இல் சிகாகோ ரிவர் வழக்கில் முடித்துவிட்டது. ஓவர்டைம் மறுப்பு வேலைநிறுத்தம் ஆகாது என்று நினைப்பவர்கள் 2001-இல் டெல்டா விமானிகள் வழக்கில் 11-ஆவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னதைப் படிக்க வேண்டும். ஓவர்டைம் எடுப்பது தனி ஆளின் விருப்பமாக இருந்தாலும், எல்லாரும் பேசிவைத்து மறுத்தால் அதற்குத் தடையாணை உண்டு. 1999-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானிகள் கூட்டமாக உடல்நல விடுப்பு எடுத்தார்கள். நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகும் அது தொடர்ந்ததால் சங்கத்தின் மீது 4.55 கோடி டாலர் விழுந்தது. 2008-இல் யுனைடெட் தொடுத்த வழக்கில் சங்கத்தோடு நான்கு விமானிகளும் பெயர் குறிப்பிட்டுப் பிரதிவாதிகளாகச் சேர்க்கப்பட்டார்கள். குழுவில் போடும் ஸ்கிரீன்ஷாட் அடுத்த வாரம் மனுவின் இணைப்பாக வரும். அதைவிட மோசம், மீறியது நிறுவனம் என்றிருந்த வழக்கு, மீறியது விமானிகள் என்று திரும்பிவிடும்.

நீதிமன்றம் போகலாமா என்பதற்கு விடை, இப்போது வேண்டாம். இந்தச் சட்டத்தில் தகராறு இரண்டு வகை. ஒப்பந்தத்தையே மாற்றும் முயற்சி பெருந்தகராறு. இருக்கும் ஒப்பந்தத்துக்குப் பொருள் காண்பது சிறுதகராறு. பெருந்தகராறு என்று நிரூபித்தால், பழைய நிலையை அப்படியே வைத்திரு என்று நீதிமன்றம் நிறுவனத்துக்கு உத்தரவிடலாம். அதனால்தான் சங்க வழக்கறிஞர்களுக்கு அந்த வாசல்மேல் ஆசை. ஆனால் 1989-இல் கான்ரெயில் வழக்கில் உச்ச நீதிமன்றம் வைத்த அளவுகோல் நிறுவனத்துக்கு மிகச் சாதகம்: தன் செயலுக்கு ஒப்பந்தத்தில் வாதாடத்தக்க ஆதாரம் ஏதேனும் இருந்தால் போதும், அது சிறுதகராறே. ‘மூன்றாண்டுக் கணக்கு’, ‘எங்கள் கட்டுப்பாட்டுக்கு வெளியே’ என்ற இரண்டு வாதங்களே அதற்குத் தாராளம். பணமும் மாதங்களும் செலவழித்து, ‘நடுவரிடம் போங்கள்’ என்ற உத்தரவோடு திரும்பி வருவீர்கள்.

ஆக, போக வேண்டிய இடம் சிஸ்டம் போர்டு. ஒவ்வொரு விமான நிறுவனமும் சங்கமும் சேர்ந்து அமைக்க வேண்டும் என்று சட்டமே சொல்லும் நடுவர் குழு அது. பல ஒப்பந்தங்களில் ஸ்கோப் மீறலுக்கு மட்டும் துரித விசாரணை உண்டு: கீழ்மட்டப் படிகளைத் தாண்டி நேராகப் போர்டுக்குப் போகலாம், குறித்த நாட்களுக்குள் விசாரணை தொடங்க வேண்டும். உங்கள் ஒப்பந்தத்தில் அப்படி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அங்கே வரும் தீர்ப்பை நீதிமன்றம் மறுபடி எடை போடாது. நீதிமன்றம் தலையிட 1978-இல் ஷீஹன் வழக்கு விட்டுவைத்த காரணங்கள் மூன்றே: சட்டம் சொன்ன முறையைப் பின்பற்றாதது, அதிகார வரம்பைத் தாண்டியது, மோசடி. ஆகையால் சாட்சியமெல்லாம் போர்டில்தான் வைத்தாக வேண்டும். ‘மேல்முறையீட்டில் பார்த்துக்கொள்வோம்’ என்பது இங்கே கிடையாது.

மனு கொடுக்கும் காலக்கெடு பல வழக்குகளைக் கவிழ்த்திருக்கிறது. மீறல் எந்தத் தேதியில் நடந்தது? பங்கு குறையத் தொடங்கிய மாதமா, மூன்றாம் ஆண்டு முடிந்த நாளா, நிறுவனம் கணக்கு அனுப்பிய நாளா? கெடு எந்த நாளிலிருந்து ஓடுகிறது என்பதில் சந்தேகம் வந்தால் முந்தைய தேதியைப் பிடித்துக்கொண்டு மனுவைப் போட்டுவிட வேண்டும். பேச்சுவார்த்தை நடப்பதால் கெடு நின்றுவிடாது. நிறுவனம் கையெழுத்திட்டு எழுத்தில் ஒப்புக்கொண்டால்தான் நிற்கும். ‘பேசிக்கொண்டிருக்கிறோம்’ என்கிற சங்கத்திடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அந்த எழுத்து இருக்கிறதா என்பதுதான்.

இனி கணக்கு. வழக்கின் உயிர் இங்கேதான். 1.5 என்பது சதவீதப் புள்ளி என்கிறீர்கள். அப்படியானால் தரை, அதாவது உங்கள் பங்கு இறங்கக்கூடிய கடைசி அளவு, 48.5. சில வரைவுகளில் வெறும் ‘1.5 சதவீதம்’ என்று மட்டும் இருக்கும். அதை 50-இன் 1.5 சதவீதம் என்று படித்தால் தரை 49.25-க்கு ஏறிவிடும், உங்கள் முதல் ஆண்டே அதற்குக் கீழே. எனவே மூல வாசகத்தை எடுத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள். அடுத்து, மூன்றாண்டுப் பங்கை எப்படிச் சேர்ப்பது? மூன்று எண்களின் சாதாரணச் சராசரி 47.9. மொத்தப் பறத்தலைக் கூட்டி அதில் உங்கள் பங்கை வகுத்தால் வேறு எண் வரும். கூட்டுப் பறத்தல் ஆண்டுக்கு 100, 120, 140 அலகு என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பங்கு 49.2, 57.12, 65.66 அலகு, மொத்தம் 360-இல் 171.98, அதாவது 47.8 சதவீதம். இரண்டு வழியிலும் தரைக்குக் கீழே இருப்பதால் மீறல் உண்டு என்பதில் பிரச்சினை இல்லை. பிரச்சினை, எவ்வளவு என்பதில். 48.5-இலிருந்து அளந்தால் பற்றாக்குறை 2.62 அலகு. 50-இலிருந்து அளந்தால் 8.02. நஷ்டஈடு மூன்று மடங்கு மாறுகிறது. சகிப்பு எல்லைக்குள் இருக்கும்வரைதான் அந்தச் சலுகை, அதைத் தாண்டிய பிறகு முழு 50-க்கும் ஈடு செய்ய வேண்டும் என்பதே விமானிகள் தரப்பில் வைக்க வேண்டிய வாதம். அதற்குப் பேரம் நடந்த காலத்துக் குறிப்புகள் ஆதாரமாக வேண்டும். பேச்சு மேசையில் யார் என்ன சொன்னார்கள் என்ற கையெழுத்துக் குறிப்பு, பரிமாறிய வரைவுகள், ஒப்பந்தத்தை ஏற்க வாக்களிக்கும்போது விமானிகளுக்குக் கொடுத்த விளக்கத்தாள் ஆகியவற்றைச் சங்க அலுவலகத்தில் தேடச் சொல்லுங்கள்.

‘யாருக்கும் வேலை போகவில்லை’ என்ற நிர்வாகத்தின் வாதமும் இதே கணக்கில் அடிபடும். மேலே உள்ள எடுத்துக்காட்டில் உங்கள் சொந்தப் பறத்தல் 49-இலிருந்து 65-க்கு வளர்ந்தே இருக்கிறது. ஆனால் ஒப்பந்தம் உறுதி கொடுத்தது வளர்ச்சியிலும் பாதி. இழந்தது வராத வேலை: திறக்காத கேப்டன் இடங்கள், ஏறாத சீனியாரிட்டி, சிறிய விமானத்திலேயே தங்கிப்போன ஆண்டுகள். இதை நடுவருக்கு எண்ணாகக் காட்ட வேண்டும். போக 8, வர 9 என்று 17 பிளாக் மணி நேரம் (விமானம் நிறுத்துமிடத்திலிருந்து நகர்ந்தது முதல் சேருமிடத்தில் நிற்கும் வரை) எடுக்கும் ஒரு தினசரித் தடம் ஆண்டுக்கு 6,205 பிளாக் மணி. கூடுதல் ஓய்வுக்காக மூன்று விமானிகள் ஏறினால் 18,615 விமானி மணி. ஒருவர் ஆண்டுக்கு 750 மணி பறக்கிறார் என்று கொண்டால் சுமார் 25 விமானிகளின் வேலை அது. 365 நாளில் 1,000 மணி என்பது கூட்டாட்சி விதி வைத்த உச்சவரம்பு. வகுக்கும்போது அந்த 1,000-ஐப் போடாதீர்கள், இழப்பு குறைந்து தெரியும். உங்கள் பேஸில் (நீங்கள் பணி தொடங்கும் தளத்தில்) உண்மையாகப் பறக்கும் சராசரியைப் போடுங்கள்.

எதை அலகாக வைத்து அளக்கிறார்கள் என்பதைத் தனியாகக் கவனியுங்கள். இருக்கை-கிலோமீட்டரை (இருக்கைகளைத் தொலைவால் பெருக்கிய எண்ணை) வைத்தால் பெரிய விமானத்துக்கு எடை அதிகம். இருக்கைகளை நெருக்கியோ விரித்தோ எண்ணை மாற்றிவிடாதபடி, விமான வகைக்கு ஒரு நிலையான இருக்கை எண்ணை வைத்துச் சமன் செய்யும் முறையும் உண்டு. பிளாக் மணியை வைத்தால் சிறிய ஏ321 எக்ஸ்எல்ஆரும் பெரிய ஏ350-உம் ஒன்றுதான். உங்கள் நிறுவனம் நாலைந்து குறுகிய உடல் விமானங்களை அட்லாண்டிக்கில் ஓட்டி மணிக்கணக்கை நிரப்பிவிட, பங்காளி வைட்பாடிகளை (அகன்ற உடல் கொண்ட பெரிய விமானங்களை) வைத்துக்கொள்வார். சதவீதம் சரியாக இருக்கும், சம்பளம் கூடிய இடங்கள் அந்தப் பக்கம் போயிருக்கும். ‘அளவுகோலை எளிமையாக்குவோம்’ என்று நிர்வாகம் சமரசப் பேச்சில் சொன்னால், அடுத்த ஐந்தாண்டு விமானக் கொள்முதல் பட்டியலை மேசையில் வைத்துவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும்.

நிறுவனம் தரும் எண்ணை அப்படியே நம்பவும் வேண்டாம். அமெரிக்காவைத் தொடும் ஒவ்வொரு சர்வதேசப் பறத்தலுக்கும், வெளிநாட்டு நிறுவனங்கள் உட்பட, போக்குவரத்துத் துறைக்கு டி-100 என்ற மாதாந்தர அறிக்கை போகிறது. புறப்பாடுகள், இருக்கைகள், விமான வகை, தொலைவு எல்லாம் அதில் உண்டு. கொஞ்சம் தாமதமாகப் பொதுவில் வெளியாகிறது. அதை வைத்துச் சங்கத்தின் பொருளாதார ஆய்வாளர் தனியாக ஒரு கணக்குப் போடலாம். ஐரோப்பாவுக்கு உள்ளேயே ஓடும் இணைப்பு விமானங்கள் அதில் வராது. உங்கள் ஒப்பந்தம் அவற்றையும் சேர்க்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கூட்டு வணிகத்தின் உள்கணக்கை ரகசிய ஒப்பந்தத்தின் கீழ்தான் சங்கத்துக்குக் காட்டுவார்கள். உங்களிடம் உள்ள அந்த மூன்று எண்கள் அப்படிக் காட்டப்பட்டவை என்றால் வெளியே பகிராதீர்கள்.

அடுத்து நிர்வாகத்தின் சாக்குகள். பங்காளியின் வளர்ச்சி தன் கையில் இல்லை என்பது பாதி உண்மை. இந்தக் கூட்டுகளில், பயணி யாருடைய விமானத்தில் உட்கார்ந்தாலும் வருவாய் ஒரே பையில் விழுந்து பிரிகிறது. விலையையும் அட்டவணையையும் சேர்ந்து தீர்மானிக்கத்தான் போக்குவரத்துத் துறையிடம் போட்டிச் சட்ட விலக்கு வாங்குகிறார்கள். 1993-இல் நார்த்வெஸ்ட்–கேஎல்எம் கூட்டுக்குக் கிடைத்ததுதான் முதல் விலக்கு. அட்டவணையைச் சேர்ந்து போடும் நிறுவனம், பங்காளி எத்தனை விமானம் விடுவார் என்று தெரியாது என்று சொல்வது எடுபடாது. பங்காளி குறைந்த செலவில் பறந்தால் உங்கள் நிறுவனத்துக்கும் லாபம்தான். ஸ்கோப் பிரிவு எழுதப்பட்டதே இந்த ஆசைக்குக் கடிவாளம் போட.

விமானம் வரத் தாமதம் என்பது கொஞ்சம் கனமான வாதம். உங்கள் ஒப்பந்தத்தின் விலக்குப் பட்டியலில் போர், அரசு உத்தரவு, விமானங்கள் பறக்கவிடாமல் நிறுத்தப்படுவது, உற்பத்தியாளர் தாமதம் என்று எதெது பெயர் சொல்லி இருக்கிறது என்று பாருங்கள். உற்பத்தியாளர் தாமதம் பட்டியலில் இல்லையென்றால் அது சாதாரண வணிக ஆபத்து என்று வாதாடலாம். பட்டியலில் இருந்தாலும் நிறுவனம் காரணத்தைக் காட்ட வேண்டும்: தாமதமான ஒவ்வொரு விமானமும் எந்தத் தடத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்தது, அதே காலத்தில் இருந்த வைட்பாடிகள் எங்கே பறந்தன? அட்லாண்டிக்கிலிருந்து எடுத்து வேறு தடத்தில் விட்டிருந்தால் தாமதத்தின் மேல் பழி போட முடியாது.

நஷ்டஈடு பற்றி எதிர்பார்ப்பைச் சரியாக வையுங்கள். ஐரோப்பிய நிறுவனம் உங்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. அதன் விமானங்களைக் குறை என்று போர்டு உத்தரவிட முடியாது. உங்கள் நிறுவனம் தன் பறத்தலைக் கூட்ட வேண்டும், அல்லது பணம் தர வேண்டும், அல்லது இரண்டும். போக்குவரத்துத் துறையிடம் முறையிட்டுப் பலன் பார்ப்பது கடினம். கூட்டுக்கு விலக்குக் கேட்கும் மனு வரும்போது சங்கம் ஆட்சேபம் தாக்கல் செய்யலாம், நியாயமான ஊதியத்தையும் பணிச்சூழலையும் ஊக்குவிப்பதும் விமானப் போக்குவரத்துச் சட்டத்தின் கொள்கைகளில் ஒன்றுதான். ஆனால் தொழிலாளர் ஒப்பந்தத்தை அமல்படுத்துவது அந்தத் துறையின் வேலை இல்லை. நார்வேஜியன் ஏர் இன்டர்நேஷனல் என்ற ஐரோப்பிய நிறுவனம் அமெரிக்காவுக்குப் பறக்கக் கேட்ட அனுமதிக்கு எதிராகச் சங்கங்கள் அமெரிக்க–ஐரோப்பிய உடன்படிக்கையின் தொழிலாளர் பிரிவையே காட்டி எதிர்த்தும், 2016 டிசம்பரில் அனுமதி கிடைத்துவிட்டது.

நீங்கள் தனியாக வழக்குப் போடுவது: ஸ்கோப் மீறல் மொத்த விமானிகளின் உரிமை, அதை நடத்தும் அதிகாரம் பொதுவாகச் சங்கத்திடம் இருக்கும். உங்களுக்கு இருப்பது சங்கத்தின் மீதான வழக்கு, நியாயமாகப் பிரதிநிதித்துவம் செய்யத் தவறியதாக. சங்கம் தன்னிச்சையாகவோ, பாரபட்சமாகவோ, கெட்ட எண்ணத்தோடோ நடந்தது என்று காட்ட வேண்டும். மெதுவாக நடந்தது, குறைவான தொகைக்குச் சமரசம் செய்தது என்பவை போதாது. 1991-இல் ஏஎல்பிஏ என்ற அமெரிக்க விமானிகள் சங்கத்தின் மீது கான்டினென்டல் விமானிகள் தொடுத்த ஓநீல் வழக்கில், நியாயத்தின் எல்லைக்கு அறவே வெளியே போயிருந்தால்தான் தவறு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. விமானிகளுக்கு அது சாதகமாக முடியவில்லை. கெடுவும் ஆறே மாதம். சங்கம் மனுப் போடாமலேயே ஒப்பந்தக் கெடுவைக் காரணமில்லாமல் கடக்கவிட்டால் கதை வேறு. அப்போது வாதம் உண்டு, அதற்காகத்தான் இப்போதே எழுத்தில் கேட்டு வையுங்கள்.

எனவே இந்த வாரம் உங்கள் சங்கத்தின் உள்ளூர்க் கவுன்சில் பிரதிநிதிக்கு ஒரு பக்கக் கடிதம் அனுப்புங்கள். ஸ்கோப் மனு போடப்பட்டதா, எந்தத் தேதியில், இல்லையென்றால் கெடுவை நீட்டிய எழுத்து உண்டா, பற்றாக்குறையை 50-இலிருந்து அளக்கிறார்களா 48.5-இலிருந்தா என்ற நான்கு கேள்விகள் போதும். சமரசம் வந்தால் அதில் இரண்டு இடங்களைப் பாருங்கள். கடந்த மூன்றாண்டுக்கு மட்டும் உரிமையை விட்டுக்கொடுக்கிறதா, வரப்போகும் ஆண்டுகளின் தரையையும் 48.5-இலிருந்து கீழே இறக்குகிறதா? ஒரு முறை வரும் காசோலையோடு இரண்டாவதைச் சேர்த்து வாக்குக்கு விடுவது பழகிய உத்தி. பணத்தைப் பிரிக்கும் சூத்திரத்தையும் கேளுங்கள்: அட்லாண்டிக் பறக்காத இளையவர்கள்தான் கேப்டன் இடம் திறக்காமல் நஷ்டப்பட்டவர்கள், சம்பள விகிதப்படி பிரித்தால் அவர்களுக்குத்தான் குறைவாகப் போகும்.