ஃபோல்ட்: ஒரு சொல்லா, இரண்டு சொற்களா? – வாசகர் கடிதம்

அன்புள்ள ஐயா,

சுங்கை சிப்புட்டில், சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து வரும் படிவம் நான்கு மாணவர்களுக்கு ஆங்கில டியூஷன் நடத்துகிறேன். சென்ற வாரம் ஃபோல்ட் என்ற சொல் துணியை மடிப்பது, ஆட்டுப்பட்டி, கம்பெனி மூடப்படுவது என்று மூன்று பொருளில் வந்தது. மடக்கி எடுத்துச் செல்லும் தட்டிகளால் வேலி போட்டதால்தான் பட்டிக்கு அந்தப் பெயர் வந்தது என்று விளக்கினேன். ஃபோலியோ, பிளைண்ட்ஃபோல்ட் ஆகியவையும் அதே குடும்பமா என்று ஒரு மாணவி கேட்டாள். தாளை மூன்று முறை மடித்தால் எட்டு அடுக்கு வரும்போது, த்ரீஃபோல்ட் என்பது ஏன் மூன்று என்றான் இன்னொருவன். தங்கள் விளக்கம் வேண்டும்.

– ஆசிரியை, சுங்கை சிப்புட்

அன்புள்ள ஆசிரியைக்கு,

தட்டி வேலி விளக்கம் நன்றாகத்தான் இருக்கிறது; ஆனால் அதை மாணவர்களிடம் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். மடிப்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் ஃபெயால்டன் என்றும், ஆடுகளை அடைக்கும் இடத்துக்கு ஃபாலொட் என்றும் வெவ்வேறு சொற்கள் இருந்தன. காலப்போக்கில் ஒலி தேய்ந்து, எழுத்திலும் உச்சரிப்பிலும் இரண்டும் ஒன்றாகிவிட்டன. நம் மொழியில் ஆறு என்பது நதியாகவும் எண்ணாகவும் இருக்கிறது என்பதற்காக, ஆறு கிளைகள் இருந்ததால் நதிக்கு அந்தப் பெயர் வந்தது என்று நாம் கதை கட்டுவதில்லை. கட்சியை விட்டு விலகியவர் திரும்பி வந்தால் ஆங்கில நாளேடுகள் அவர் ஃபோல்டுக்குத் திரும்பினார் என்று எழுதுகின்றனவே, அது மடிப்பு அல்ல, ஆட்டுப்பட்டி. தாய்க்கட்சிக்குத் திரும்பினார் என்று நாம் எழுதுவதைவிட அதில் குசும்பு சற்று அதிகம்.

உங்கள் மாணவனின் கேள்வியைத்தான் நான் மிகவும் ரசித்தேன். மடிக்கும் செயலை எண்ணினால் அவன் சொல்வது சரி. ஒவ்வொரு முறையும் அடுக்குகள் இரட்டிப்பாகி, மூன்றாம் முறையில் எட்டாகின்றன. ஆனால் டூஃபோல்ட், த்ரீஃபோல்ட் ஆகிய சொற்கள் எண்ணுவது செயலை அல்ல, அடுக்கை. எட்டு முழ வேட்டியை இரண்டாக மடித்துக் கட்டுகிறவர் மடிப்பது ஒரு முறைதான், இடுப்பில் நிற்பதோ இரண்டு அடுக்கு. அதையே டூஃபோல்ட் என்கிறது ஆங்கிலம். இதை விளக்க நீங்கள் ஆங்கில இலக்கணத்தைப் புரட்ட வேண்டியதில்லை. கை மடங்குகிறது, தாள் மடங்குகிறது என்று நாம் சொல்லும் அதே மடங்குதான் இருமடங்கு, மும்மடங்கு என்று கணக்கிலும் வருகிறது. மலாயிலும் இதே கதைதான்: மடக்கு நாற்காலியைக் கெருசி லிப்பாட் என்கிறவர்கள், பன்மடங்கு பெருகியதைப் பெர்லிப்பாட் காண்டா என்கிறார்கள். மூன்று மொழிகளும் மடிப்பிலிருந்தே பெருக்கத்துக்குப் போயிருப்பதை, மூன்றையும் பேசி வளரும் நம் பிள்ளைகளைவிட எளிதாக வேறு யாரால் உணர முடியும்? தேர்வுக்காக ஒன்றைச் சேர்த்துச் சொல்லுங்கள்: நூறு ரிங்கிட் த்ரீஃபோல்டாக உயர்ந்தது என்றால் அது முந்நூறு ஆயிற்று என்று பொருள், நூற்றோடு முந்நூறு சேர்ந்து நானூறு ஆயிற்று என்பதல்ல.

மாணவி கேட்ட இரண்டும் வெறும் சாயல் ஒற்றுமைதான். ஃபோலியோ, போர்ட்ஃபோலியோ ஆகியவை இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லான ஃபோலியத்தின் வழிவந்தவை. நாம் ஏட்டையும் தாளையும் இதழ் என்பதோடு இதை ஒப்பிடலாம். ஃபோல்டர் மட்டும் உண்மையான மடிப்புக் குடும்பம். கண்ணைக் கட்டுவதான பிளைண்ட்ஃபோல்டின் முற்கால வடிவத்துக்குக் குருடாகும்படி அடித்தல் என்று பொருள். கட்டுவதற்குத் துணியை மடிப்பதால் மக்கள் அதைப் பின்னர் ஃபோல்டாக்கிவிட்டார்கள். கட்டடச் சாரத்தைக் குறிக்கும் ஸ்கேஃபோல்ட் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. அதற்கும் மடிப்புக்கும் தொடர்பில்லை.

ஒலியில் சற்றும் ஒட்டாத சொற்களில்தான் மடிப்பு உண்மையில் ஒளிந்திருக்கிறது. மடித்தல் என்று பொருள்படும் பிளிகாரே என்ற லத்தீன் வினையிலிருந்து, மடிப்பு விரிந்து வெளிப்படையாகத் தெரிவதான எக்ஸ்பிளிசிட், உள்ளே மடிந்து கிடப்பதான இம்பிளிசிட், மடிப்புகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்ட காம்ப்ளிகேட்டட் ஆகியவை வந்தன. பிளைவுட்டின் பிளையும் அந்த வழிதான். நான் இப்போது எழுதிக்கொண்டிருக்கும் ரிப்ளையும் திருப்பி மடித்தல் என்ற சொல்லில் பிறந்ததே. கிரேக்கத்திலிருந்து வந்த டிப்ளோமாவோ, முதலில் இரண்டாக மடித்த ஓலையைக் குறித்தது. சுருட்டிக் கட்டிக் கொடுக்கும் இன்றைய சான்றிதழ்களுக்கு அந்தப் பெயர் பொருந்துமா என்று உங்கள் மாணவர்களே விவாதிக்கட்டும்.

கம்பெனி ஃபோல்ட் ஆவது துணியை மடிக்கும் சொல்லின் நீட்சிதான். ஆனால் அதை மடிந்தது என்று மொழிபெயர்க்க விடாதீர்கள். சயாம் மரண ரயில் பாதையில் வேலை செய்யக் கொண்டுபோகப்பட்டு மடிந்த தோட்டத்து மக்களைப் பற்றிப் பேசும்போது நாம் பயன்படுத்தும் சொல் அது, உயிருக்கு உரியது. வியாபாரம் நொடித்தால் கடையைச் சுருட்டினான் என்பது நம் வழக்கு. ஆங்கிலத்திலும் அந்த ஃபோல்ட் பேச்சுக்கும் செய்தித் தலைப்புக்கும் உரிய சொல்லாகவே பெரிதும் வழங்குவதால், கட்டுரையில் குளோஸ்ட் டவுன் என்று எழுதச் சொல்லுங்கள்.