கோடிங் தெரியாமல் கேம் செய்ய இன்ஜின் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு புரோகிராமிங் தெரியாது. சின்னதாக ஒரு 2டி கேம் செய்ய வேண்டும் என்று வெகுநாள் ஆசை. 'கோடிங்கே வேண்டாம்' என்று சொல்லும் ஒரு கேம் இன்ஜினுக்கு (கேம் உருவாக்கும் மென்பொருளுக்கு) ஆண்டுச் சந்தா கட்டலாமா?

பதில்: இப்போதைக்குக் கட்டாதீர்கள். முதலில் ஜிடெவலப் என்ற இன்ஜினை இறக்கிக்கொள்ளுங்கள். இலவசம், திறமூல மென்பொருள். அதில் செய்த கேமை விற்றாலும் வருமானத்தில் பங்கு கேட்க மாட்டார்கள்.

'கோடிங் வேண்டாம்' என்பது பாதிதான் உண்மை. வரி வரியாக டைப் செய்ய வேண்டாம், சரி. யோசிக்கிற வேலை அப்படியேதான் இருக்கிறது. 'எதிரி மீது மோதினால் ஓர் உயிர் போக வேண்டும்' என்று நிபந்தனையும் செயலும் வைக்கிறீர்கள். ஓட்டிப் பார்த்தால் ஒரே மோதலில் மூன்று உயிரும் காலி! ஏனென்றால், இன்ஜின் அந்த நிபந்தனையை நொடிக்குச் சுமார் 60 முறை சரிபார்க்கிறது. மோதல் நீடிக்கும்வரை ஒவ்வொரு முறையும் ஓர் உயிரைக் கழிக்கும். 'ட்ரிகர் ஒன்ஸ்' (ஒருமுறை மட்டும் செய்) என்ற நிபந்தனையைக் கூடவே சேர்த்தால் சரியாகிவிடும். இப்படி ஒரு சிக்கலோடு மாலை முழுக்க உட்கார்ந்து, விடை கிடைத்ததும் உங்களுக்குச் சந்தோஷம் வருகிறதா? அப்புறம் தாராளமாகச் செலவு செய்யலாம். எரிச்சல்தான் மிச்சம் என்றால், ஒரு வருடச் சந்தா உங்கள் பையிலேயே இருக்கட்டும்.

வாங்குவதாக முடிவு செய்தால், பணம் கட்டுவதை நிறுத்தியபின் உங்கள் ப்ராஜெக்ட் என்ன ஆகும் என்று முதலில் பாருங்கள். கன்ஸ்ட்ரக்ட் 3 பிரவுசரிலேயே ஓடும், பழக மிக எளிது, ஆனால் சந்தா முறை. ஆர்பிஜி மேக்கருக்கு ஒரே தடவை விலை. பெயருக்கேற்ப கதை சொல்லும் ரோல்பிளேயிங் கேமுக்குத்தான் அது அருமை, ஓடிக் குதிக்கும் கேமுக்கு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். கேம்மேக்கர் 2023 நவம்பர் முதல் வணிக நோக்கமில்லாத பயன்பாட்டுக்கு இலவசம்.

உரிம விதிகளையும் தயவுசெய்து படியுங்கள். யூனிட்டி என்ற இன்ஜினின் நிறுவனம் 2023 செப்டம்பரில், இன்ஸ்டால் எண்ணிக்கையை வைத்துக் கட்டணம் என்று அறிவித்தபோது, அந்த இன்ஜினை நம்பி வருடக்கணக்கில் உழைத்தவர்கள் கொதித்துப்போனார்கள். அந்தக் கட்டணத்தை முழுதாகக் கைவிட ஒரு வருடம் ஆனது.

கேள்வி: படங்களும் இசையும் அடங்கிய தொகுப்புகள் தள்ளுபடியில் வருகின்றன. வாங்கி வைக்கவா?

பதில்: வேண்டாம். கென்னி தளத்தில் ஆயிரக்கணக்கான படங்கள் சிசி0 உரிமத்தில் (படைத்தவர் எந்த உரிமையும் கோராத முறை) இலவசமாகக் கிடைக்கின்றன. விற்கும் கேமிலும் பயன்படுத்தலாம். அந்தப் பணத்தை வெளியீட்டுக்கு ஒதுக்குங்கள். கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் ஒரு கேமுக்கு 100 டாலர், கூகுள் பிளேயில் கணக்குத் தொடங்க ஒரே தடவை 25 டாலர். இட்ச் தளத்தில் கட்டணமே இல்லை. முதல் கேமை அங்கே போட்டுவிட்டு, நாலு பேர் விளையாடுவதைப் பக்கத்தில் இருந்து பாருங்கள்.